தொற்றுக் காலத்தில் எதை நீக்குவது, எதை விடுவது? மட்டுறுத்துநர்களுக்கான இழை

#1 வாசற்காவல்

நோய் பரவும் நாட்களில் இணையக் குழுக்களை மட்டுறுத்துபவர்களுக்காக, அதாவது பதிவுகளைப் பார்த்து எதை விடுவது, எதை நீக்குவது என்று முடிவு செய்பவர்களுக்காக இந்த இழை. சாதாரண நாளில் "பொய்யை நீக்கு, மற்றதை விடு" என்ற விதி போதும். புது நோய் வந்ததும் அந்த விதி முதல் நாளே உடைந்துவிடுகிறது. எது பொய் என்று அறுதியிட்டுச் சொல்ல அந்த வாரத்தில் யாராலும் முடிவதில்லை. ஆனால் பதிவுகள் காத்திருப்பதில்லையே.

பேச வேண்டியவை: எந்த அளவுகோலில் நீக்குவது, எண்களோடு வரும் பதிவுகளை எப்படிச் சோதிப்பது, திருத்தத்தை எப்படி எழுதுவது, சொற்களைத் தானாகப் பிடிக்கும் வடிகட்டிகள் எந்த அளவுக்கு உதவும். சொந்தக் கதைகள் வேண்டாம், செய்முறை மட்டும் எழுதுங்கள்.

#2 கோப்பையளவு

உண்மையா பொய்யா என்பதை இரண்டாவது கேள்வியாகத் தள்ளி வையுங்கள். "இதைப் படித்தவர் இன்றிரவு என்ன செய்வார், செய்ததைத் திரும்பப் பெற முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி.

2014இல் எபோலாவைத் தடுக்கும் என்று உப்புத் தண்ணீர் குடித்து நைஜீரியாவில் குறைந்தது 2 பேர் இறந்தார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், கோவிட்டைத் தடுக்கும் என்று நம்பி, மீன்தொட்டி சுத்தம் செய்ய வைத்திருந்த குளோரோகுயின் பாஸ்பேட்டைச் சாப்பிட்ட ஒருவர் இறந்தார். அந்த மாதங்களில் ஈரானில், ஆல்கஹால் கோவிட்டைத் தடுக்கும் என்று நம்பி மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

கடைசியில் ஓர் உண்மை ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது தோலின்மேல், எத்தனால் அல்லது ஐசோபுரோபனாலாக, 60 சதவீதத்துக்குக் குறையாத செறிவில். மெத்தனால் உள்ளே போனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் அடிவாங்குவது கண் நரம்பு. இதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று குடித்தவரே பதிவு போட்டுவிடுவார். அந்தப் பதிவு வதந்தியைவிட ஆபத்தானது. சாட்சியே கிடைத்துவிட்டதாக மற்றவர்கள் நம்புவார்கள்.

ஆகவே என் வரிசை: குடிக்க, விழுங்க, முகர, ஊசி போட, பூசச் சொல்லும் பதிவு வந்தால் முதலில் மறைத்துவிட்டு, பிறகு விசாரியுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னாலும், மருத்துவமனைக்குப் போகாதே என்றாலும் அதே கதிதான். நோய் எங்கிருந்து வந்தது, யார் காரணம், எப்போது முடியும் என்பவை வரிசையின் கடைசியில் நிற்கட்டும்.

#3 மறுப்புக்காரன்

அப்படியென்றால் தீங்கில்லாத பொய்க்கு அனுமதியா? 2020இல் "10 விநாடி மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்குத் தொற்று இல்லை", "15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குப் போய்ச் செத்துவிடும்" என்று ஒரே ஃபார்வர்டில் இரண்டும் சுற்றின. யாரும் விஷம் குடிக்கச் சொல்லவில்லை.

#4 கோப்பையளவு

அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தண்ணீர் விஷயம் பயனற்றது, அவ்வளவுதான். கீழே ஒரு விளக்கம் எழுதிவிட்டு விட்டுவிடலாம். மூச்சடக்கும் சோதனை அப்படியல்ல. அதில் தேறியவர் தனக்கு நோயில்லை என்று முடிவுகட்டி, வயதான பெற்றோர் இருக்கும் அறைக்குள் போவார். இளவயதுத் தொற்றாளர்கள் பலர் 10 விநாடியை எளிதாகத் தாண்டுவார்கள். வேறு நுரையீரல் கோளாறு உள்ளவர் தொற்றே இல்லாமல் தோற்பார். பொய்யான நிம்மதி தருவதையும் தீங்குக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சரியான தகவலே அளவு சிதைந்தால் விஷமாகும். மட்டுறுத்துநர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான்.

வயிற்றுப்போக்கு நோய் பரவும்போது வீட்டிலேயே உப்பு–சர்க்கரைக் கரைசல் செய்யும் குறிப்பு வரும். சரியான அளவு: சுத்தமான நீர் 1 லிட்டர், சர்க்கரை 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. நகலெடுத்து நகலெடுத்து மூன்று விதமாகக் கெடும். "மட்ட" என்ற சொல் விழுந்து கரண்டி குவியலாகும். 1 லிட்டர் "ஒரு டம்ளர்" ஆகும். மோசமானது, உப்பும் சர்க்கரையும் இடம் மாறுவது. உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். சர்க்கரை கூடினாலும் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு அதிகமாகும். பொட்டலக் கரைசல் கிடைக்குமானால் அதுவே மேல். 1 லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்கச் சொல்லும் பதிவையும் தூக்கிவிடுங்கள்.

குளோரின் கரைசலில் புள்ளிதான் வில்லன். எபோலாப் பரவலில் கை கழுவ 0.05%, தரைக்கும் சிந்திய திரவத்துக்கும் 0.5% என்று வழிகாட்டினார்கள். பாட்டிலில் இருப்பது 5% என்றால் முதலாவதுக்கு 1 பங்குக்கு 99 பங்கு நீர், இரண்டாவதுக்கு 1 பங்குக்கு 9 பங்கு நீர். ஒரு பூஜ்யம் விழுந்தால் தரைக்கான கரைசல் கைக்கு வந்துவிடும். எல்லா பாட்டிலும் 5% அல்ல என்பதையும், வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்தால் வீரியம் குறையும் என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். "இன்னும் வீரியமாக" என்று பிளீச்சுடன் வினிகரைக் கலக்கச் சொன்னால் அது குளோரின் வாயு. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் என்றால் குளோரமின். கேள்வியே கேட்காமல் நீக்குங்கள்.

#5 பகுதி_தொகுதி

எண்கள் என் பங்கு. பெரும்பாலான எண் வதந்திகளில் மேலே உள்ள எண் சரியாகவே இருக்கும். கீழே எதால் வகுக்க வேண்டும் என்பதைத்தான் ஒளித்திருப்பார்கள், அல்லது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இறப்பு விகிதம். பரவல் ஏறுமுகத்தில் இருக்கும்போது இன்றைய இறப்பை இன்றைய மொத்த நோயாளிகளால் வகுத்தால் குறைத்துக் காட்டும். படுக்கையில் இருப்பவர்களின் முடிவு இன்னும் தெரியாது. "இறந்தோர் ÷ (இறந்தோர் + குணமானோர்)" என்று வகுத்தால் பெரும்பாலும் கூட்டிக் காட்டும்; குணமானதைப் பதிவு செய்யத் தாமதமாகும். சோதனைக்கே வராத லேசான நோயாளிகள் இரண்டிலும் இல்லை. 2003இல் பரவிய சார்ஸ் என்ற சுவாச நோயை எடுங்கள். ஆரம்பத்தில் சுமார் 4% என்றார்கள். மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் 14 முதல் 15% என்று திருத்தியது. முடிவில் 8,096 பேரில் 774 இறப்பு, 9.6%. மூன்றும் அந்தந்த நாளில் நேர்மையாகச் சொன்ன எண்கள். "மறைக்கிறார்கள், பாருங்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்" என்ற பதிவுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. எண்ணோடு தேதியும் எந்த வகுத்தல் என்பதும் இல்லாத பதிவைத் திருப்பி அனுப்பி, சேர்க்கச் சொல்லுங்கள்.

"மருத்துவமனையில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்களே." எடுத்துக்காட்டுக்கு 10,000 பேர் கொண்ட ஊர் என்று வையுங்கள், 9,000 பேர் போட்டவர்கள். போடாத 1,000 பேரில் 2% சேர்க்கப்பட்டால் 20 பேர். போட்டவர்களில் 0.3% என்றால் 27 பேர். வார்டில் 47 பேரில் 27 பேர், அதாவது 57%, போட்டவர்கள். ஆனாலும் ஒவ்வொருவருக்குமான ஆபத்து 2 சதவீதத்திலிருந்து 0.3 ஆக, 85% குறைந்திருக்கிறது. எல்லோரும் போட்டுவிட்டால் வார்டில் 100% போட்டவர்கள்தான் இருப்பார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் பலருக்குச் சட்டென விளங்கும்.

"சோதனையே பொய், பாதிப் பேருக்குத் தவறாகக் காட்டுகிறது." இதில் பாதி உண்மை இருக்கலாம், அதனால்தான் கவனம் தேவை. நோய் 1% பேருக்கு மட்டும் இருக்கும் இடத்தில், 80% நோயாளிகளைப் பிடிக்கும், நோயற்றவர்களில் 99% பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு விரைவுச் சோதனையை 10,000 பேருக்குச் செய்கிறீர்கள். நோயுள்ள 100 பேரில் 80 பேருக்கு "உண்டு" வரும். நோயற்ற 9,900 பேரில் 99 பேருக்கும் "உண்டு" வரும். "உண்டு" வந்த 179 பேரில் உண்மையான நோயாளிகள் 45% மட்டுமே. இதே சோதனையைக் காய்ச்சலோடு வந்தவர்களிடம், அதாவது 30% பேருக்கு நோயுள்ள கூட்டத்தில் செய்தால் "உண்டு" என்பது 97% சரியாக இருக்கும். சோதனை மாறவில்லை, கூட்டம் மாறிவிட்டது. இந்தப் பதிவை நீக்காதீர்கள், கணக்கை ஒட்டிவிட்டு இழையைத் திறந்தே வையுங்கள்.

"ஊசி போட்ட இரண்டு வாரத்தில் இத்தனை பேர் இறந்தார்கள்." ஆண்டுக்கு 1,000 பேரில் 8 பேர் இயல்பாக இறக்கும் மக்கள்தொகையில் 10 லட்சம் பேருக்கு எதையாவது கொடுங்கள், வெறும் தண்ணீரையே கொடுங்கள். அடுத்த 14 நாளில் 307 பேர் இறப்பார்கள். கேட்க வேண்டியது "இறந்தார்களா?" என்று அல்ல, "307ஐவிடக் கூடுதலா?" என்று. பக்கவிளைவு முறையீட்டுப் பட்டியல்கள் பல, யார் வேண்டுமானாலும் பதியக்கூடியவை. சந்தேகத்தைக் கண்டுபிடிக்க உதவும். காரணத்தை நிரூபிக்க அல்ல.

#6 மறுப்புக்காரன்

உங்கள் 10,000 பேர் ஊரில் எல்லோருக்கும் ஒரே வயதா? முதியவர்கள்தான் அதிகம் போட்டிருப்பார்கள், அவர்கள்தான் அதிகம் சேர்க்கவும் படுவார்கள்.

#7 பகுதி_தொகுதி

பிடித்தீர்கள். 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் நடந்தது அதுதான். தீவிர நோயாளிகளில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள் என்ற செய்தி உண்மை. மொத்தமாகக் கணக்கிட்டால் பாதுகாப்பு குறைவாகத் தெரிந்தது. வயதுவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் அதைவிடக் கூடுதல். ஆகவே என் 85% கணக்கு வயது ஒன்றாக இருந்தால் மட்டும். இந்தக் குறிப்பு இல்லாமல் என் பதிவை யாரும் நகலெடுக்க வேண்டாம்.

#8 நள்ளிரவுப்பணி

நடைமுறைக்கு வருவோம். அளவுகோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை ஒழுங்கு இல்லையென்றால் பயனில்லை.

நீக்கிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பதிவு இருந்த இடத்தில் ஒரு துண்டு நிற்கட்டும்: எந்த விதி, எத்தனை மணிக்கு, எந்த மட்டுறுத்துநர், மேல்முறையீட்டுக்கு எங்கே எழுதுவது. வெற்றிடம் விட்டால் "உண்மையைச் சொன்னதால் தூக்கிவிட்டார்கள்" என்று அதன் ஸ்கிரீன்ஷாட்டே அடுத்த ஃபார்வர்டாகும். இந்தத் துண்டில் வதந்தியின் வாசகத்தைத் திரும்ப எழுதக் கூடாது.

மேல்முறையீட்டை நீக்கியவரே பார்க்கக் கூடாது. இரண்டாவது ஆள் பார்க்கட்டும். நான்கு பேர் கொண்ட குழுவிலும் இது முடியும்.

ஒரு பதிவேடு வையுங்கள், சாதாரண விரிதாள் போதும்: வாசகம், முதலில் கண்ட நேரம், வடிவம் (எழுத்து, படம், ஒலி), என்ன முடிவு, எதை வைத்து, மறுபரிசீலனைத் தேதி. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், மிக முக்கியமானதும் அதுதான். ஏன் என்று கீழே சண்டை வரும்போது எழுதுகிறேன்.

ஆள் இல்லாத நேரம்தான் ஓட்டை. இரவில் ஒருவரும் விழித்திருக்க மாட்டார் என்றால் அந்த மணி நேரங்களில் புதிய இழைகளை ஒப்புதலுக்குப் பின் வரும்படி மாற்றுங்கள். பழைய இழைகளில் ஒருவர் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதலாம் என்று வையுங்கள். முழுப்பூட்டு போட்டால் கூட்டம் வேறு குழுவுக்குப் போகும், அங்கே திருத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பேரிழையில் கொட்டாதீர்கள். சரியான பதில் 40ஆம் பக்கத்தில் புதைந்து, அதே கேள்வி 41ஆம் பக்கத்தில் மறுபடி வரும். எண்ணிக்கைக்கு ஓர் இழை, அறிகுறிக் கேள்விகளுக்கு ஓர் இழை, படுக்கை–மருந்து இருப்புக்கு ஓர் இழை. ஒவ்வொன்றின் முதல் பதிவும் மட்டுறுத்துநர் கையில், மேலே "திருத்தம் 7, இன்று மாலை 6:30" என்ற வகைக் குறிப்போடு.

தண்டனை: முதல் முறை எதுவும் வேண்டாம். பரப்புபவர்களில் பெரும்பாலோர் பயந்துபோனவர்கள், கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஒரே வாசகத்தை ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு இழைகளில் ஒட்டுபவர், கடைசி வரியில் மருந்து விற்கும் தொலைபேசி எண் வைப்பவர், இருவருக்கும் எச்சரிக்கையே வேண்டாம், நேராக வெளியேற்றுங்கள்.

நோயாளியின் பெயர், முகவரி, சோதனை அறிக்கை வந்தால் வரிசையெல்லாம் பார்க்காமல் உடனே எடுங்கள். பெயரைக் கருப்படித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அறிக்கையின் க்யூஆர் கட்டத்தில் எல்லா விவரமும் இருக்கக்கூடும். கைபேசியின் மார்க்கர் கோடு பல சமயம் பாதி ஒளி ஊடுருவும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் பெயர் தெரிந்துவிடும்.

#9 குறிமுறை

வடிகட்டி பற்றி. தமிழ்ச் சொற்களை வடிகட்டியில் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தின் வேறு வேறு குறிகளை ஒன்றாக்கும் முறை) மாற்றினால் இது தீரும். ஔகாரம் மட்டும் தீராது. சரியான குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் தட்டியிருப்பார்கள், அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதைத் தனி விதியாக எழுத வேண்டும். சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளைச் செருகி ஏய்ப்பவர்களும் உண்டு, முதலில் அவற்றை உரித்துவிடுங்கள்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. "மருந்து" என்று முழுச் சொல்லாகத் தேடினால் மருந்தை, மருந்தால், மருந்தின் எல்லாம் தப்பிவிடும். இறுதி உகரத்தைக் கழற்றி "மருந்த" என்று முன்னொட்டாகத் தேட வேண்டும். மகர இறுதிச் சொற்களுக்கு இன்னொரு வேலை உண்டு: திரவம் "திரவத்தை" ஆகும், ஆகவே "திரவ" வரைதான் நிற்கும். அடியைக் குறுக்கக் குறுக்கத் தவறான பிடிப்பும் கூடும். ஆகவே தனிச் சொல்லைப் பிடிக்காமல் இரண்டு சொல் அருகருகே வருவதைப் பிடியுங்கள். பொருளின் பெயரும் "குடி" என்ற வினையடியும் ஐந்து சொல்லுக்குள் வந்தால் ஒப்புதல் வரிசைக்கு அனுப்பு என்கிற மாதிரி. வடிகட்டி ஒருபோதும் தானே நீக்கக் கூடாது. "இதைக் குடிக்காதீர்கள்" என்ற எச்சரிக்கையையும் அது விழுங்கிவிடும். இதற்கு விதிவிலக்கே கிடையாது என்பேன்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ். ஒரே சொல் நாலைந்து எழுத்துக்கூட்டலில் வரும். மேலே சொன்ன பதிவேட்டிலிருந்து அவ்வப்போது சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

படங்கள்: எஸ்எச்ஏ-256 போன்ற கோப்புக் கைரேகை ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும், மறு அழுத்தத்தில் செத்துப்போகும். படத்தின் தோற்றத்திலிருந்து கணிக்கும் தோற்றக் கைரேகையைப் பயன்படுத்துங்கள். 64 பிட்டில் 8 முதல் 10 பிட் வரை வேறுபாட்டை அனுமதித்தால் சிறிதாக்கிய, லேசாக வெட்டிய படம் சிக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், அதற்கு எழுத்துணரி (ஓசிஆர்) வைத்து உள்ளிருக்கும் வாசகத்தை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி வந்தால் அந்தச் செய்தி ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அத்தகையதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தினார்கள். குறி இருந்தால் பொய் என்று பொருளில்லை. நகலெடுத்து ஒட்டினால் குறியும் போய்விடும்.

#10 மறுப்புக்காரன்

எல்லாம் சரி. நீங்கள் எல்லோரும் நழுவும் இடம் ஒன்று இருக்கிறது. "அதிகாரபூர்வ ஆதாரத்துக்கு முரணானால் நீக்கு" என்ற விதியைத்தான் கடைசியில் எல்லாக் குழுவும் எழுதிக்கொள்ளும். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே "கோவிட்-19 காற்றில் பரவாது" என்று சமூக ஊடகத்தில் பெரிய எழுத்தில் போட்டது. அந்த ஜூலையில் 239 அறிவியலாளர்கள் காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கச் சொல்லித் திறந்த மடல் எழுதினார்கள். 2021இல் நிறுவனம் அதை ஏற்று எழுதியது. இடைப்பட்ட காலத்தில் "காற்றில் பரவும், சன்னலைத் திற" என்று எழுதியவரை உங்கள் விதி என்ன செய்திருக்கும்? கிருமி மனிதர் உருவாக்கியது என்ற கூற்றை ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியில் நீக்கப் பட்டியலில் சேர்த்தது, மே மாதத்திலேயே எடுத்துவிட்டது.

#11 நள்ளிரவுப்பணி

அதனால்தான் பதிவேட்டில் மறுபரிசீலனைத் தேதி. நீங்கள் சொன்ன இரண்டு உதாரணத்தையும் #2இல் உள்ள அளவுகோலில் வைத்துப் பாருங்கள். "சன்னலைத் திற" என்று படித்தவர் என்ன செய்வார்? சன்னலைத் திறப்பார். தவறாகவே இருந்தாலும் நட்டமில்லை, நீக்கக் காரணமே இல்லை. கிருமியின் பிறப்பிடம் பற்றிப் படித்தவர் எதையும் விழுங்கப் போவதில்லை. அந்த இழையில் ஓர் இனத்தாரைத் தாக்கச் சொன்னால் அதை நீக்க வேறு விதி இருக்கிறது, மருத்துவ விதி தேவையில்லை.

எனவே நீக்கத்துக்குக் கீழே மூன்று முத்திரை வையுங்கள். "தவறு": எதிர்ச் சான்று வலுவாக இருப்பது. "நிறுவப்படவில்லை": எந்தப் பக்கமும் போதிய சான்று இல்லாதது. "காலாவதி": சொன்ன நாளில் சரி, இன்று மாறிவிட்டது. மூன்றாவது மிகவும் தேவை. துணி முகக்கவசம் பற்றிய பழைய அறிவுரை, உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றிய 2020 ஜூன் 5க்குப் பிறகும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றியது. அதைப் பொய் என்று முத்திரையிட்டால் அதை நம்பியவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறீர்கள். "நிறுவப்படவில்லை" முத்திரைக்கு 14 நாள் ஆயுள். அதற்குள் மறுபடி பார்க்காவிட்டால் முத்திரை தானாகக் கழன்றுவிட வேண்டும்.

#12 மறுப்புக்காரன்

தானாகக் கழல்வது பிடித்திருக்கிறது. ஆனால் 14 நாள் நீளம், முதல் மாதத்தில் 7 வையுங்கள்.

#13 நள்ளிரவுப்பணி

ஆள் இருந்தால் 7. இல்லையென்றால் முத்திரைகள் பார்க்கப்படாமலே கழன்று விழும்.

#14 கோப்பையளவு

ஆய்வுக் கட்டுரையோடு வரும் பதிவுகளுக்கு ஒரு குறிப்பு. "முன்பதிப்பு (மற்ற அறிஞர்கள் சோதிக்கும் முன் வெளியிடுவது) என்றால் நீக்கு, இதழில் வந்தால் விடு" என்று சிலர் விதி வைக்கிறார்கள். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 96,000 நோயாளிகளின் தரவு என்று ஒரு கட்டுரை வந்தது. மூலத்தரவைக் காட்ட முடியாமல் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதே ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய ஆய்வு முடிவு வெறும் அறிக்கையாகத்தான் வந்தது, அது பின்னரும் சரியென்று நிலைத்தது. ஆக, எங்கே வந்தது என்பதைவிட உள்ளே பாருங்கள். ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா, யாருக்கு எது என்று குலுக்கலில் பிரித்தார்களா, எத்தனை பேர், அளந்தது இறப்பையா அல்லது ஒரு ரத்தப் பரிசோதனை அளவையா, மனிதரிலா ஆய்வகத் தட்டிலா. தட்டில் கிருமியைக் கொன்ற செறிவு, விழுங்கும் மாத்திரையால் இரத்தத்தில் எட்டக்கூடியதா என்பது அடுத்த கேள்வி. ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டினின் முதல் ஆய்வகக் கட்டுரை தடுக்கி விழுந்தது அங்கேதான்.

டெக்ஸாமெத்தசோனிலும் பதிவர்கள் நிபந்தனையை வெட்டிவிட்டார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு, ஆக்சிஜன் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு நன்மை இல்லை. "கோவிட்டுக்கு ஸ்டீராய்டு வேலை செய்கிறது" என்ற தலைப்பு உண்மை. காய்ச்சல் வந்த முதல் நாளே வாங்கி விழுங்கியவருக்கு அது கேடாகலாம். தலைப்பில் நிபந்தனை இல்லாத மருந்துப் பதிவை மட்டுறுத்துநரே தலைப்பை மாற்றி வெளியிடலாம்.

#15 குறிமுறை

படுக்கை, ஆக்சிஜன் இருப்பு இழைக்கு: உண்மைத் தகவலும் மணிக்கணக்கில் அழுகும். காலை 10 மணிக்கு உண்மையாக இருந்த "உருளை உண்டு" மாலை 4 மணிக்கு ஒரு குடும்பத்தை ஊர் முழுக்க அலையவிடும். சரிபார்த்த நேரம் இல்லாத பதிவு ஏற்கப்படாது. 6 மணி நேரத்தில் தானாக மறையட்டும், புதுப்பிக்க எழுதியவரே வரட்டும். "முன்பணம் அனுப்புங்கள்" என்று வரும் தொலைபேசி எண்ணைத் தேடிப் பார்த்தால் ஒரே எண் பல ஊர்களின் பெயரில் இருக்கும். பூட்டுங்கள்.

#16 பகுதி_தொகுதி

அதோடு ஒரு வகுத்தல். 1,500 லிட்டர் உருளை நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம் வரும். "ஓர் உருளை ஒரு நாளுக்குப் போதும்" என்று யாராவது எழுதினால் நிமிடத்துக்கு 1 லிட்டர் என்ற கணக்கில்தான் அது உண்மை. கொள்ளளவு, ஓட்டம் இரண்டும் பதிவில் இருக்க வேண்டும்.

#17 வாசற்காவல்

வாய்ஸ் நோட் பற்றி யாரும் சொல்லவில்லை. "பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறேன், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்" வகை.

#18 நள்ளிரவுப்பணி

ஒலியாக ஏற்க வேண்டாம். அனுப்புபவரே அதிலுள்ள கூற்றை மூன்று வரியில் எழுதித் தரட்டும். பாதிப் பேர் எழுத உட்கார்ந்ததுமே கைவிடுவார்கள், குரலில் இருந்த பதற்றம் எழுத்தில் நிற்காது. எழுதி வந்தால் மற்றப் பதிவு போலச் சோதிக்கலாம்: பேசுபவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி. மூன்றும் இல்லாத ஒலியில் சோதிக்க எதுவுமே இல்லை.

#19 வாசற்காவல்

திருத்தக் குறிப்பின் மாதிரி ஒன்று, இழையின் உச்சியில் ஒட்டும் முன் பார்த்துச் சொல்லுங்கள்.

"வதந்தி: உப்பை அதிகம் சேர்த்தால் கரைசல் வேகமாக வேலை செய்யும். இது பொய். சர்க்கரை 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி மட்டுமே."

#20 கோப்பையளவு

முதல் வரியே வதந்தி. வேகமாக உருட்டிப் போகிறவர் அதை மட்டும் படித்துவிட்டுப் போவார், ஸ்கிரீன்ஷாட்டிலும் அதுதான் மேலே நிற்கும். சரியான அளவில் தொடங்குங்கள், வதந்தியை நடுவில் ஒருமுறை சொல்லி ஏன் தவறு என்று காரணம் காட்டுங்கள், அளவில் முடியுங்கள். "இது பொய்" என்று மட்டும் சொன்னால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். காரணம்தான் அதை நிரப்பும்.

#21 வாசற்காவல்

"கரைசல் அளவு: சர்க்கரை 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. உப்பைக் கூட்டச் சொல்லும் செய்தி சுற்றுகிறது, அது தவறு. கூடுதல் உப்பு இரத்தத்தில் சோடியத்தை ஏற்றிக் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். திருத்தம் 2, இரவு 9:10."

#22 பகுதி_தொகுதி

எத்தனை நீரில்?

#23 வாசற்காவல்

"1 லிட்டர் நீரில்" விட்டுப்போயிருக்கிறது. சேர்த்துவிட்டேன், திருத்தம் 3, இரவு 9:14. பழையதை எங்காவது ஒட்டியவர்கள் மாற்றிவிடுங்கள்.